யார் போட்ட மேப்?

பழவேற்காட்டில் படகு ஏறி அரை மணி நேரம் ஆகியிருக்கும். கையில் இருந்த ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தேன். அதன் கணக்குப்படி நாங்கள் தரையில் போய்க்கொண்டிருந்தோம்.

சத்தியமாக. திரையில் பழுப்பு நிறத்தில் ஒரு மணல் திட்டு. அதன் நட்டநடுவே அம்புக்குறியாக நாங்கள். ஆனால் படகைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர்தான். படகோட்டி வந்த பெரியவரிடம் காட்டினேன். கருவியை வாங்கி, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சிரித்தார்.

“மெஷின் பொய் சொல்லல சார். இங்க மேடு இருந்துச்சு. எப்பவோ எவனோ படம் புடிச்சு வச்சிருக்கான். அதுக்கப்புறம் எத்தன மழை, எத்தன புயலு! ஏரி அப்படியே நிக்குமா?”

சொல்லிவிட்டு, கையிலிருந்த மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் ஒரு குத்து குத்தினார். “இப்ப இடுப்பளவு.”

தீர்ந்தது விஷயம்.

இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். அந்தக் கருவி இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்வது. அதற்கு ஆகாயத்தில் ஏற்பாடு இருக்கிறது. குறைந்தது நாலு செயற்கைக்கோள்களிலிருந்து சிக்னல் கிடைத்தால் போதும். ஒவ்வொரு சிக்னலும் கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இதை வைத்துக் கணக்குப் போட்டு, சில மீட்டர் பிசகில் உங்கள் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். இரண்டாவது, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுவது. இது அந்த நாலு கோளுக்கும் தெரியாது. யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, என்றோ ஒருநாள் வரைந்து உள்ளே போட்ட படம் அது.

நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட்டின் தலையில் தேதி இல்லாவிட்டால் அது வெறும் காகிதம் என்பது எங்களுக்குக் கல்லூரியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். ‘மார்ச் 31 நிலவரப்படி’ என்று இருக்க வேண்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி அது பழங்கதை. வரைபடமும் அப்படித்தான். என்றைய நிலவரம்? யார் எழுதிய கணக்கு? யாருக்காக எழுதிய கணக்கு? இந்த மூன்று கேள்வியையும் கேட்காமல் ஒரு மேப்பை நம்பினால், இடுப்பளவு தண்ணீரில் தரை தெரியும்.

பழவேற்காட்டை யார் யார் கணக்கெடுத்தார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

சென்னைக்கு வடக்கே சுமார் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் படுத்துக் கிடக்கிறது. அகலமும் நீளமும் பிரமாதம். ஆழம்? சராசரியாக ஒரு மீட்டர்தான். ஆரணியாறும் காளங்கியும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடல் தன் பங்குக்கு முகத்துவாரத்தில் மணலைத் தள்ளுகிறது. ஒரு வருஷம் இருக்கிற திட்டு அடுத்த வருஷம் இல்லை. முகத்துவாரமே இடம் மாறும். சில வருஷம் தூர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் படகு கடலுக்குப் போக முடியாது. கடலில் பிறந்து ஏரிக்குள் வளர வருகிற இறால் குஞ்சும் உள்ளே வர முடியாது. குப்பத்தில் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த வாசலைப் பொறுத்த விஷயம்.

இந்த ஊரில் 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமே இதுதான். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை இங்கிருந்துதான் ராஜ்ஜியம். வேண்டியது துணி. துணி ஏற்றக் கப்பல். கப்பல் தரைதட்டாமல் வந்துபோகக் கடல் வரைபடம். அந்த வரைபடங்களை அவர்கள் கம்பெனி ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். போட்டி வியாபாரியிடம் லெட்ஜரைக் காட்டுவார்களா என்ன? இன்று கோட்டை இல்லை. மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய டச்சுக் கல்லறைகள் மட்டும் மிச்சம்.

அடுத்து வந்த கணக்குப்பிள்ளை இங்கிலீஷ்காரர். இவர் தண்ணீரை விட்டுவிட்டுத் தரையைப் பிடித்தார்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் ஒரு நேர்க்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் கோடு. நூறு அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் சங்கிலி நீண்டுவிடும் என்று கூடாரம் போட்டு நிழலிலேயே அளவு. ஒருமுறை அளந்து முடிக்க 57 நாள். சென்னையில் இன்றைக்கு அந்தத் தூரத்தை ஆட்டோவில் போகிறவர், சிக்னலில் ஐந்து நிமிஷம் நின்றாலே அலுத்துக்கொள்வார்!

அந்த ஒரு கோட்டை அடித்தளமாக வைத்து முக்கோணம். அந்த முக்கோணத்தின் பக்கத்தில் இன்னொரு முக்கோணம். இப்படியே மலை உச்சி, கோயில் கோபுரம் என்று தாவித் தாவி இந்தியா முழுக்க அளந்தார்கள். மகா முக்கோணவியல் சர்வே என்று பெயர். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்துவிட்டார்கள். என்ன சாமான் என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1808-ல் தஞ்சாவூர்க் கோபுரத்தில் தூக்கும்போது கயிறு அறுந்து அடி வாங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, வாரக்கணக்கில் தட்டித் தட்டிச் சரிசெய்தார். 1823-ல் சர்வே வேலை நடந்துகொண்டிருந்தபோதே, ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தும்போனார். கடைசிவரை மனிதர் அளந்துகொண்டேதான் இருந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எவரெஸ்ட். பூமி சரியான பந்து இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டை என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு தட்டை? இந்தியாவுக்குப் பொருந்துகிற மாதிரி 1830-ல் எவரெஸ்ட் ஒரு கணக்குச் சொன்னார். இந்திய சர்வே துறையின் காகித வரைபடங்கள் நெடுங்காலம் அந்தக் கணக்கின் மேல்தான் நின்றன.

‘இருநூறு வருஷத்துக் கதை எனக்கு எதற்கு?’ என்கிறீர்களா? இதோ வருகிறேன்.

இன்றைய ஜிபிஎஸ், டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு பூமிக் கணக்கில் ஓடுகிறது. இந்தியாவுக்கு மட்டுமல்ல, உலகம் முழுமைக்கும் பொருந்தும் கணக்கு. பழைய காகித வரைபடத்தில் போட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே எடுத்துக் கருவிக்குள் போட்டால், சென்னைப் பக்கம் நூறு மீட்டருக்கும் மேலே தள்ளி விழும். மலையில் நடக்கிறவருக்கு நூறு மீட்டர் பெரிய விஷயம் இல்லை. ஏரியின் முகத்துவாரத்தில் நூறு மீட்டர் என்பது வழிக்கும் மணல்மேட்டுக்கும் உள்ள தூரம்.

சரி, பழைய வரைபடம் வேண்டாம், புதியது வாங்கிக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் ஒரு பூட்டு. கடற்கரையிலிருந்தும் நில எல்லையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டர் வரைக்குமான விரிவான சர்வே வரைபடங்கள், சுதந்திர இந்தியாவிலும் வெகுகாலம் பொதுமக்களுக்குக் கிடையாது. பாதுகாப்புக் காரணம். ஆக, கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் வாழ்ந்து, கடற்கரையில் செத்துப்போகிறவருக்குத் தன் ஊர் மேப் ரகசிய ஆவணம்! 2005-ல் தேசிய வரைபடக் கொள்கை வந்தது. ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். பொது வரிசை டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் வந்தது. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த புதிய வழிகாட்டு நெறிகள், இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை என்றன. லாம்டன் சங்கிலியைக் கீழே வைத்து 219 வருஷம் ஆகியிருந்தது.

மேலே ஆகாயத்தில் கதவு இன்னும் சீக்கிரம் திறந்தது. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறி சோவியத் எல்லைக்குள் போன கொரிய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான், தயாரானதும் பொதுமக்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார் ஜனாதிபதி ரீகன். ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலப்படம் செய்தார்கள். நூறு மீட்டர் வரை பிசகும். 2000 மே மாத ஆரம்பத்தில் கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். ஒரே இரவில் உலகத்திலுள்ள அத்தனை ஜிபிஎஸ் கருவிகளும் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. அதே வருஷம் பிப்ரவரியில், எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாள் சுற்றி, ரேடார் மூலம் பூமியின் நிலப்பரப்பில் எண்பது சதவிகிதத்தின் மேடு பள்ளத்தை அளந்துவந்தது. அந்தக் கணக்கும் இலவசமாகக் கிடைத்தது.

உலகெங்கும் பொழுதுபோகாத புத்திசாலிகள் வேலையில் இறங்கியது அப்போதுதான். மலையேறிகள், காட்டில் சுற்றுகிறவர்கள், சைக்கிள்காரர்கள். கம்பெனி கொடுக்கிற மேப்பில் எங்கள் ஒற்றையடிப் பாதை இல்லையா? நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

எப்படிப் போடுவது? பெரிய வித்தை இல்லை. முதலில் ஒரு அடித்தாள். செயற்கைக்கோள் படம் அல்லது ஸ்கேன் செய்த வரைபடம். அதில் நாலைந்து இடங்களின் சரியான அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லி, படத்தைப் பூமியோடு ஆணி அடித்து இறுக்க வேண்டும். எந்தப் பூமிக் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். மேற்படி எவரெஸ்ட் வில்லங்கம் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். பிறகு கிணறு, கோயில் என்றால் புள்ளி. பாதை, ஓடை என்றால் கோடு. ஏரி, ஊர் என்றால் வளைத்த பரப்பு. ரேடார் கணக்கிலிருந்து சம உயரக் கோடுகளை மென்பொருள் தானே வரைந்துவிடும். எல்லாவற்றையும் கருவிக்குப் புரியும் கோப்பாக மாற்றி உள்ளே ஏற்றினால் முடிந்தது. கடைசியாக, கருவியோடு அந்த இடத்துக்கே போய், நடந்து சரிபார்க்க வேண்டும். நம்மவர்கள் தவிர்க்க நினைப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். ஆடிட் இல்லாத கணக்கு!

இந்த வித்தையைப் பழவேற்காட்டில் செய்து பார்த்தால் வேடிக்கை. இருபது மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிரதேசத்தில் அநேகமாக ஒரு கோடுகூட விழாது. எல்லாம் கடல் மட்டம். ரேடார் கணக்கின் பிசகே பல மீட்டர். ஏரியின் மொத்த ஆழமே ஒரு மீட்டர். மலைக்காகக் கண்டுபிடித்த கோடு இங்கே செல்லாக்காசு. வேண்டியது தண்ணீருக்கு அடியில் இருக்கும் மேடு பள்ளம். அது அந்தப் பெரியவரின் கழியில் இருக்கிறது.

கழியில் மட்டுமில்லை. கரையில் தெரியும் கலங்கரை விளக்கத்தையும் ஒரு பனைமரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்க்கிறார். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள், இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் வலை போடும் இடம். யோசித்துப் பாருங்கள். லாம்டன் அரை டன் கருவியை வைத்துச் செய்த அதே வேலைதான். இவருக்குக் கருவி இரண்டு கண்.

அந்த ஏரியில் கோடு போடாத எல்லைகள் வேறு உண்டு. ‘பாடு’ என்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் வழிவழியாக வந்த ஏற்பாடு. இறால் வலை கட்டும் இடங்களை ஊர்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். யாருக்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாது. தண்ணீரில் வேலி கிடையாது. ஆனால் யார் இடம் எங்கே முடிகிறது என்று குப்பத்துக்கே தெரியும். ரொம்ப அழகான ஏற்பாடு என்று கைதட்டுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏரியை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. பாடு உரிமை இல்லாத சாதிகளும் பழங்குடிகளும் அதே கரையில் இருக்கிறார்கள். மனசுக்குள் இருக்கும் வரைபடத்தையும் யாரோ ஒருவர்தான் போட்டிருக்கிறார்.

இத்தனை விஷயமும் தலைக்குள் இருக்கும்வரை சிக்கல் இல்லை. அரசாங்கம் காகிதத்தை எடுக்கும்போதுதான் சிக்கல்.

கொஞ்சம் தெற்கே வாருங்கள். எண்ணூர் கழிமுகம். பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் பழவேற்காட்டின் சொந்தக்காரர். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் அந்தக் கழிமுகம் இருக்கிறது. பாதுகாக்க வேண்டிய இடம் என்ற முத்திரையோடு இருக்கிறது. 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தைக் காணோம். பதினாறு கிலோமீட்டர் நீளத் தண்ணீர். போயே போச்சு! கிணறு காணாமல் போன சினிமா காமெடிக்கு நாம் சிரித்தோம். எண்ணூர் மீனவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடத்தில் தண்ணீர் இல்லையென்றால் அங்கே கட்டடம் கட்டலாம், சாம்பல் கொட்டலாம். இல்லாத தண்ணீரை எப்படிக் கெடுக்க முடியும்?

2011-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2019 அறிவிக்கையும் சரி, கரையை வரைபடமாக்கச் சொல்கின்றன. தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்களுக்கு 2023-ல் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தினார்கள். மீனவர்கள் எழுந்து சொன்னது ஒன்றுதான். எங்கள் ஊர் விடுபட்டிருக்கிறது. படகு நிறுத்தும் இடம், வலை காயப்போடும் இடம், மீன்பிடிக்கும் இடம் எதையும் காணோம். அதிகாரி வேண்டுமென்றே விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்பது இரண்டாவது கேள்வி. வலை காயப்போட்ட மணல், ஆகாயத்திலிருந்து பார்த்தால் வெறும் மணல். ‘காலியிடம்’ என்று எழுதிவிடலாம்.

அதனால்தான் சென்னை ஊரூர் குப்பத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர், ஜிபிஎஸ் கருவியும் கணினியுமாகக் கரையோர ஊர்களின் பொது நிலங்களை வரைபடமாக்கிய கதை பத்திரிகைகளில் வந்தது. காட்டில் வழி தெரிய மலையேறிகள் செய்த அதே கைவேலை. இவருக்கு அது பட்டா இல்லாத நிலத்துக்கு ஒரு சாட்சி.

இன்னொரு முரணையும் கவனியுங்கள். ஏரியையும் கடலையும் பிரிக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. நம் சொந்த ஜிபிஎஸ்ஸான நாவிக் வரிசையின் முதல் செயற்கைக்கோள், 2013 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் கிளம்பியது. ராக்கெட் போவதைக் குப்பத்துப் பிள்ளைகள் கரையில் நின்றே பார்க்கலாம். நாட்டுக்கு இடம் காட்டுகிற கருவி கிளம்பும் ஊருக்குப் பக்கத்து ஊர், தன் இடம் வரைபடத்தில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறது.

மறுபடி படகுக்கு வருவோம்.

அன்றைக்குப் பெரியவரும் நானும் ஒரு மேப் போட்டோம். மேப் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவர் கழியைக் குத்துவார். “முழங்கால்.” “இடுப்பு.” “நெஞ்சு.” “கழி எட்டல.” நான் கருவியில் பொத்தானை அமுக்கி, நோட்டில் எழுதிக்கொள்வேன். கூடவே தேதி, நேரம், ஏற்றமா வற்றமா என்பதும். தேதியில்லாத பேலன்ஸ் ஷீட் செல்லாது அல்லவா?

2011 டிசம்பர் 25 அன்று, இதே பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரு மேப் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மேப் படகைப் பிடித்துக்கொள்ளாது. ஆனால், சராசரி ஒரு மீட்டர் ஆழம் என்று புத்தகத்தில் எழுதிய ஏரியில் ஆள் முங்குகிற இடங்கள் உண்டு என்பதைப் புத்தகம் சொல்லாது. கழி சொல்லும்.

திரும்பி வரும்போது ஓரிடத்தில் படகை நிறுத்தினார். பார்க்க மற்ற இடம் மாதிரியேதான் இருந்தது. “நல்ல இறா படும் எடம் சார் இது” என்றார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. என் விரல் தன்னால் பொத்தானுக்குப் போனது.

“அத மட்டும் அமுக்காத சார்.”

“ஏங்க ஐயா?”

“ஆழத்தப் போடு. மேட்டப் போடு. எங்க ஊரப் பெருசா போடு, அழிக்க முடியாம போடு. இது வேணாம். நாளைக்கு எவன் கையில அந்த மெஷின் இருக்குமோ, யாரு கண்டா?”

டச்சுக்காரர்கள் ரகசியம் வைத்தது வியாபாரத்துக்கு. அரசாங்கம் ரகசியம் வைத்தது பாதுகாப்புக்கு. பெரியவருக்கு அது இந்த வருஷத்துச் சாப்பாடு. எதைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும், எதை ஏற்றக் கூடாது என்று தீர்மானிக்கிற உரிமையும் மேப் போடுகிறவருக்கு உண்டு. நானூறு வருஷமாக அது அவர் கைக்கு வரவேயில்லை.

விரலை எடுத்துவிட்டேன். என் கருவியில் அந்த இடம் இன்றைக்கும் வெறும் நீலமாகத்தான் இருக்கிறது.